100 கிலோ தாண்டினவங்க பழைய ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக் வாங்கும்போது மொதல்ல பாக்க வேண்டியது ஷாக் ஸ்ட்ரோக்

பழைய ஃபுல் சஸ்பென்ஷன் பைக் (முன்னாடி பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் உள்ளது) விக்கறவங்க 150 மிமீ டிராவல் (சக்கரம் மேல ஏறி இறங்கற தூரம்), கார்பன் ஃப்ரேம், வெறும் 13 கிலோன்னு எல்லாம் எழுதுவாங்க, ஆனா பின் ஷாக்கோட ஸ்ட்ரோக், அதாவது ஷாக் உள்ள அமுங்கற தூரம், எத்தனைன்னு எழுதறவங்க ரொம்ப கம்மி. நீங்க 100 கிலோ தாண்டின ஆளா இருந்தா மொதல்ல கேக்க வேண்டிய நம்பர் அதுதான். பிராண்டு, கலர், மாடல் வருஷம் எல்லாம் அதுக்கு அப்புறம், பைக்கோட வெயிட்டு எல்லாத்துக்கும் கடைசி. நான் ஹெல்மெட், பை, தண்ணி எல்லாம் சேத்து 120 கிலோ பக்கம் வர்றவன், ஓட்டறது 150 மிமீ டிராவல் உள்ள 29 இன்ச் அலுமினிய பைக், இன்னொருத்தர் ஓட்டினது, அதுல இருக்கறது 230க்கு 60 ஷாக், அதாவது ஸ்ட்ரோக் 60 மிமீ. இந்த பைக் எனக்கு ரொம்ப நல்லா உழைக்குது, அதுக்குக் காரணம் ஃப்ரேம்ல ஒட்டியிருக்கற பேரு இல்லைங்கறது எனக்கு நல்லாவே தெரியும், அதனாலதான் ஒரு மாடலை மட்டும் ரிவ்யூ பண்ணாம பழைய பைக்ல எது எது நம்மள மாதிரி ஆளுக்கு தாங்கும், எது தாங்காதுன்னு பார்ட் பார்ட்டா எழுதறேன்.

கணக்கு சிம்பிள்தான். பின் சக்கரம் மேல ஏறக்கூடிய தூரத்தை ஷாக் உள்ள அமுங்கற தூரத்தால வகுத்தா வர்றது லீவரேஜ் ரேஷியோ. 150 மிமீ டிராவலுக்கு 60 மிமீ ஸ்ட்ரோக்னா 2.5, அதே 150க்கு 50 மிமீ ஸ்ட்ரோக்னா 3. 2.5க்கும் 3க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு தோணும். 120 கிலோவுல ஒரு 65 சதவீதம் பின்பக்கம் விழுதுன்னு வைங்க, 78 கிலோ வருது. 2.5 பைக்ல அது ஷாக்குக்குப் போய்ச் சேரும்போது 195 கிலோ, 3 பைக்ல 234 கிலோ. அது மட்டுமில்ல, உக்காந்ததும் ஷாக் அமுங்கற அளவு, அதாவது ஸேக், 30 சதவீதம் வேணும்னா மொத பைக்ல அதுக்கு 18 மிமீ இடம் இருக்கு, ரெண்டாவதுல 15 மிமீதான். அதிக பாரத்தை கம்மி தூரத்துல தாங்கணும். காயில் ஷாக் (காத்துக்குப் பதிலா சுருள் ஸ்ப்ரிங் உள்ளது) போட்டா மொத பைக்குக்கு சுமார் 600 பவுண்டு ஸ்ப்ரிங் (ஒரு இன்ச் அமுங்க அவ்வளவு பாரம் வேணும்), ரெண்டாவது பைக்குக்கு 870 பவுண்டு ஸ்ப்ரிங் வேணும்னு கணக்கு வருது. 600 தேடினா கிடைக்கும், 870 தேடி அலையவே வேண்டாம். இதே 3 ரேஷியோ பைக்ல 70 கிலோ ஆளுக்கு 510 போதும். அதனாலதான் ஒரே பைக்கை ஒருத்தர் ஆஹா ஓஹோன்னு புகழ்வார், நம்ம ஏறி உக்காந்தா பாதி டிராவல் அங்கயே முடிஞ்சு போயிருக்கும். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான்.

ஸ்ட்ரோக் எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, ஷாக் மேலயே நிறைய நேரம் எழுதியிருக்கும், இல்லன்னா மாடல் பேரும் வருஷமும் போட்டுத் தேடினா கம்பெனியோட பழைய ஸ்பெக் பேஜ்ல வரும். 210க்கு 50, 210க்கு 55, 230க்கு 60, 230க்கு 65ன்னு ரெண்டு நம்பர் இருக்கும், மொத நம்பர் ஷாக்கோட மொத்த நீளம், ரெண்டாவது ஸ்ட்ரோக். ட்ரனியன் மவுண்ட்னு மேல்பக்கம் ரெண்டு சைடுலயும் போல்ட் ஏறுற டைப்னா 185க்கு 55, 205க்கு 65 மாதிரி வரும். இந்த மெட்ரிக் சைஸ் எல்லாம் 2016, 2017 வாக்குல வந்தது, அதுக்கு முந்தின பைக்ல 200க்கு 57, 216க்கு 63 மாதிரி பழைய சைஸ் இருக்கும், அதுலயும் நல்ல ரேஷியோ உள்ள பைக் நிறைய இருக்கு, ஆனா ஷாக் மாத்தணும்னா சாய்ஸ் கம்மி. என்னோட அளவுகோல் இதுதான்: 2.5 பக்கமோ அதுக்குக் கீழயோ இருந்தா கண்ணை மூடிட்டு பாக்கப் போலாம், 2.7 வரைக்கும் ஓகே, 2.9 தாண்டினா பைக் எவ்வளவு அழகா இருந்தாலும் விட்டுடுங்க. வாங்கிட்டு அப்புறம் பெரிய ஸ்ட்ரோக் ஷாக் போட்டுக்கலாம்னு நெனைக்காதீங்க, நிறைய ஃப்ரேம்ல அப்படிப் போட்டா முழுசா அமுங்கும்போது டயர் போய் சீட் டியூப்ல (சீட் போஸ்ட் இறங்கற ஃப்ரேம் குழாய்) இடிக்கும், ஃப்ரேம் கம்பெனி அனுமதிச்சிருந்தா மட்டும்தான் செய்யலாம்.

ஏர் ஷாக்னா காத்து ஏத்திட்டா போச்சு, எந்த வெயிட்டும் தாங்கும்னு பொதுவா சொல்வாங்க. பாதி உண்மை. ஒவ்வொரு ஷாக்குக்கும் இவ்வளவு பிஎஸ்ஐக்கு மேல ஏத்தாதேன்னு ஒரு லிமிட் உண்டு, மாடலைப் பொறுத்து 250ல இருந்து 350 வரைக்கும் இருக்கும், சில ஷாக்ல மேலயே அச்சடிச்சிருப்பாங்க. உடம்பு வெயிட்டு எத்தனை பவுண்டோ அத்தனை பிஎஸ்ஐயில ஆரம்பிங்கன்னு ஒரு பழைய கணக்கு உண்டு, 120 கிலோன்னா 264 பவுண்டு, ரேஷியோ அதிகமான பைக்னா அதுக்கும் மேல போகும், 250 லிமிட் உள்ள ஷாக்ல இது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்ச கதை. அதனால பாக்கப் போகும்போது ஒரு ஷாக் பம்ப் கையோட எடுத்துட்டுப் போங்க, விக்கறவர்கிட்ட கேட்டுட்டு உங்க வெயிட்டுக்கு ஏத்தி, 50 பிஎஸ்ஐக்கு ஒரு தடவை நிறுத்தி நல்லா அமுக்கி விட்டு (உள்ள ரெண்டு அறையிலயும் காத்து சமமாகணும், இல்லன்னா ரீடிங் தப்பா காட்டும்) அப்புறம் உக்காந்து பாருங்க. லிமிட்டைத் தொடாம 28, 30 சதவீதம் ஸேக் வந்தா ஷாக் உங்களுக்கு செட் ஆகும்.

காத்தை விட முக்கியமான விஷயம் ரீபவுண்ட், இதைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல. காத்து ஜாஸ்தி ஏத்தினா ஷாக் திரும்பி வர்ற வேகமும் ஜாஸ்தியாகும், அதைப் பிடிச்சு நிறுத்த சிவப்பு ரீபவுண்ட் குமிழை உள்பக்கமா திருப்பி டைட் பண்ணணும். 75 கிலோ ஆள் நடு கிளிக்ல ஓட்டுவார், நம்ம கடைசி கிளிக் வரைக்கும் போயும் பத்தாம இருக்கறது சகஜம். சோதிக்க வழி இருக்கு: உங்க காத்து அளவுல வெச்சு, ரீபவுண்டை முழுசா மூடி, சீட்டை நல்ல பலமா அமுக்கி விட்டுப் பாருங்க. முழுசா மூடின நிலையில அது சோம்பலா, மெதுவா எழும்பணும். அப்பவும் சட்டுனு எழும்பி வந்தா அந்த ஷாக்ல உங்களுக்கு திருப்ப இடமே மிச்சம் இல்ல, அதோட ஒரு கல்லுல ஏறினா பின்பக்கம் உதைச்சுத் தள்ளும், இறக்கத்துல இது ஆபத்து. இதுக்காக ஒரு நல்ல பைக்கை விட்டுட வேண்டாம், சஸ்பென்ஷன் சர்வீஸ் பண்றவங்க ஷாக்கைத் திறந்து உள்ள எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தற ஷிம் தகடு அடுக்கை உங்க வெயிட்டுக்கு மாத்தித் தருவாங்க, ஆனா அந்தச் செலவை பேரம் பேசும்போதே கழிச்சுக்கணும். எப்படியும் சர்வீஸ் பண்ணித்தான் ஆகணும், ஃபாக்ஸ் 125 மணி நேரத்துக்கு ஒரு தடவை இல்ல வருஷத்துக்கு ஒரு தடவைன்னு சொல்றாங்க, ராக்‌ஷாக்ஸ் 50 மணி நேரத்துலயே ஒரு சின்ன சர்வீஸ் கேக்கறாங்க, விக்கறவங்கள்ல இதை ஒழுங்கா பண்ணவங்க ரொம்ப கம்மி.

பக்கத்துல தனி டப்பா உள்ள ஷாக், பிக்கிபேக்னு சொல்றது, இருந்தா நமக்கு நல்லது, எண்ணெய் ஜாஸ்தி இருக்கறதால நீள இறக்கத்துல சூடாகி தளர்றது கம்மி. ஃபாக்ஸ் டிபிஎக்ஸ்2, ஃப்ளோட் எக்ஸ், ராக்‌ஷாக்ஸ் சூப்பர் டீலக்ஸ் இதெல்லாம் அந்த வகை, பழைய மார்க்கெட்ல நிறையவே கிடைக்கும். காயில் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா ரெண்டு கண்டிஷன். ஒன்னு, ஃப்ரேம் டிசைன்லயே கடைசி பகுதியில நல்லா இறுகிட்டு போற தன்மை இருக்கணும், இல்லன்னா சின்ன குதிப்புக்கே டப்புனு அடி வாங்கும், ஏர் ஷாக்லன்னா உள்ள வால்யூம் ஸ்பேசர் (காத்து அறையைச் சின்னதாக்கற துண்டு) போட்டு அதை சரி பண்ணிடலாம், காயில்ல அந்த வழி கிடையாது. ரெண்டு, சில ஃப்ரேம்ல ஷாக்கோட ஒரு முனை நேரா லிங்க்ல (பின் சக்கரத்தோட அசைவை ஷாக்குக்குக் கொண்டு போற கை) மாட்டாம நீளமா ஒரு கவை மாதிரி யோக் வெச்சு மாட்டியிருப்பாங்க, அந்த டைப்ல ஷாக் மேல பக்கவாட்டு பாரம் விழும், கனமான ஆளும் காயிலும் சேந்தா ஷாஃப்ட் வளையறதுக்கோ உடையறதுக்கோ வாய்ப்பு இருக்கு. யோக் உள்ள பைக்ல காயில் போட்டு விக்கறாங்கன்னா நான் கிட்டயே போக மாட்டேன்.

முன் ஃபோர்க் விஷயம் சீக்கிரம் முடிஞ்சுரும். குழாய் எத்தனை மிமீ தடிமன்னு பாருங்க. 32 மிமீ வேண்டவே வேண்டாம், ப்ரேக் பிடிச்சா முன்னாடி பின்னாடி வளையறது கண்ணுக்கே தெரியும். ஃபாக்ஸ் 34 நம்மளோட வெயிட்டுக்கு ஓரளவு சமாளிக்கும், ராக்‌ஷாக்ஸ் பைக் (Pike), லிரிக்னு ரெண்டு ஃபோர்க்கும் 35 மிமீ, இதுல லிரிக் இன்னும் உறுதியானது, ஃபாக்ஸ் 36ம் நல்ல சாய்ஸ். 2020ல வந்த ஃபாக்ஸ் 38, ராக்‌ஷாக்ஸ் ஸெப் ரெண்டும் 38 மிமீ, கிடைச்சா யோசிக்காம எடுக்கலாம், இவை வெயிட்டு ஜாஸ்தின்னு மெலிஞ்ச ஆளுங்க குறை சொல்வாங்க, நமக்கு அது ஒரு குறையே கிடையாது. பட்ஜெட் கம்மின்னா யாரி பாருங்க, பழைய லிரிக்கோட அதே சட்டம்தான், உள்ள இருக்கற டேம்பர் (அமுங்கி எழும்பற வேகத்தைக் கட்டுப்படுத்தற பாகம்) மட்டும் சாதாரணமானது, அதை அப்புறம் மாத்திக்கலாம். ஃபோர்க் கால்ல ஒட்டியிருக்கற பிரஷர் சார்ட் பெரும்பாலும் 100, 110 கிலோ கிட்டயே முடிஞ்சுரும், பதறாதீங்க, மேக்ஸிமம் எவ்வளவுன்னு தனியா எழுதியிருக்கும் (ஃபாக்ஸ் 36க்கு 120 பிஎஸ்ஐ), அதுக்குள்ள 18, 20 சதவீதம் ஸேக் வந்தா சரி. பாக்கும்போது முன் ப்ரேக்கை அழுத்திப் பிடிச்சு பைக்கை முன்னும் பின்னும் ஆட்டுங்க, ஹெட்செட்ல (ஹேண்டில் திரும்பற பேரிங்) ஆட்டம்னா டைட் பண்ணிடலாம், கிரவுன், அதாவது ஃபோர்க்கோட ரெண்டு காலும் மேல சேர்ற இடம், அது பக்கத்துல இருந்து கிறீச்னு முனகல் சத்தம் வந்தா ஃப்ரேமுக்குள்ள போற ஸ்டியரர் குழாயும் கிரவுனும் சேர்ற இடம் தளர்ந்து போயிருக்கு, அதை ரிப்பேர் பண்ண முடியாது, மேல் பாகத்தையே மாத்தணும். குழாய்ல நகத்தால தடவினா மாட்டுற அளவுக்கு கீறல் இருந்தாலும் அதே செலவுதான்.

இப்ப வீலுக்கு வரேன், ஷாக்குக்கு அடுத்தபடியா நம்ம பணம் அதிகமா போற இடம் இதுதான். ஸ்போக்கை எண்ணுங்க. ஒரு வீலுக்கு 32 இருந்தா நல்லது, 28 இருந்தா முன்னாடிக்கு ஓகே பின்னாடிக்கு சந்தேகம், 24 இருந்தா அந்த வீலை தனியா வித்துட வேண்டியதுதான். பின் வீல்ல வலது பக்க ஸ்போக்கை ரெண்டு ரெண்டா சேத்து அமுக்கிப் பாருங்க, எல்லாம் ஒரே மாதிரி விறைப்பா இருக்கணும், அங்கங்க லொடலொடன்னு இருந்தா அது ஏற்கனவே உடைய ஆரம்பிச்ச வீல். ரிம்ல ஸ்போக் நுழையற ஓட்டையைச் சுத்தி மெல்லிசா மயிர் மாதிரி விரிசல் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, இருந்தா கோட்டம் எடுத்து பிரயோஜனம் இல்ல, ரிம் போச்சு. வளைஞ்ச தலை உள்ள சாதாரண ஸ்போக்கா நேர் ஸ்போக்கான்னும் கவனிங்க, சாதாரண ஸ்போக் எந்த சைக்கிள் கடையிலயும் கிடைக்கும், நேர் ஸ்போக் உடைஞ்சா ஆர்டர் போட்டுட்டு பைக்கை சுவத்துல சாத்தி வைக்கணும். பின் ஆக்ஸில் 12க்கு 148, முன்னாடி 15க்கு 110 (மிமீல தடிமனும் அகலமும்), அதாவது பூஸ்ட்னு சொல்றது, இருந்தா ஹப் ஃப்ளேஞ்ச் (ஸ்போக் மாட்டற விளிம்பு) அகலமா இருக்கும், ஸ்போக் கோணம் நல்லா கிடைக்கும், வீல் பக்கவாட்டுல உறுதியா நிக்கும். 142ம் 100ம் உள்ள கொஞ்சம் பழைய பைக் தப்பில்ல, ஆனா க்விக் ரிலீஸ் ஆக்ஸில் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் பைக்கை கனமான ஆள் வாங்கவே கூடாது.

ஹப்போட ஃப்ரீஹப்பும் (மிதிக்கும்போது கடிச்சு, நிறுத்தினா சும்மா சுத்தற பாகம்) முக்கியம், ஏன்னா செங்குத்தான ஏத்தத்துல சின்ன கியர்ல நின்னு மிதிக்கும்போது நம்ம போடற விசைக்கு மலிவான ஹப்ல இருக்கற கொக்கி எல்லாம் வழுக்கி டக்குனு விட்டுரும், அந்த நொடியில முட்டி போய் ஹேண்டில்பார்ல இடிக்கும். டிடி ஸ்விஸ் 350 மாதிரி ராட்செட் டைப் ஹப் இருந்தா நிம்மதி, ரெண்டு வளையமும் முழு வட்டத்துக்கும் பல்லோட பல்லு கடிக்கும், பாரம் ஒரு இடத்துல விழாது. டெஸ்ட் ஓட்டும்போது ப்ரேக்கை லேசா பிடிச்சுக்கிட்டே பலமா மிதிச்சுப் பாருங்க, வழுக்கல் இருந்தா தெரிஞ்சுரும். இன்னொரு நல்ல வழி சொல்றேன், எலக்ட்ரிக் மவுண்டன் பைக்குக்குன்னு பண்ற வீலும் ஃபோர்க்கும் 22, 24 கிலோ பைக்கையும் மோட்டார் விசையையும் தாங்கறதுக்குப் பண்ணது, அதை புதுசா கழட்டி விக்கறவங்க உண்டு, நம்ம பைக்ல மாட்டினா அருமையா உழைக்கும், ஆக்ஸில் அளவு மட்டும் ஒத்துப் போகணும்.

டயர்ல அகலத்தை விட தோல் கனம்தான் பாக்கணும். மேக்சிஸ்ல எக்ஸோ எழுதியிருந்தா பின்னாடிக்கு பத்தாது, எக்ஸோ ப்ளஸ் இல்ல டபுள்டவுன், ஷ்வால்பேல சூப்பர் டிரெய்ல் இல்ல சூப்பர் கிராவிட்டி. 2.4ல இருந்து 2.6 அகலம், உள்பக்கம் 30 மிமீ ரிம், பின்னாடி 30 பிஎஸ்ஐ பக்கம், இதுல இருந்து ஆரம்பிச்சு உங்களுக்குப் பிடிச்ச மாதிரி கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கங்க.

ப்ரேக்ல சமரசமே கிடையாது. நாலு பிஸ்டன் காலிப்பர், 203 இல்ல 200 மிமீ டிஸ்க், முன்னாடி பின்னாடி ரெண்டும். 180ல இருந்து 203க்கு மாத்தினாலே அதே விரல் அழுத்தத்துக்கு 13 சதவீதம் கூட நிக்கும், சூடு ஆறவும் பரப்பு அதிகம். ரெண்டு பிஸ்டன் ப்ரேக் உள்ள பைக் கிடைச்சா அதுக்காக விட்டுட வேணாம், ஷிமானோ டியோர்லயே நாலு பிஸ்டன் இருக்கு, ஸ்ராம் கோட், மகுரா எம்டி5 எல்லாம் பழசாவும் கிடைக்குது, ஆனா அந்த ஃப்ரேமும் ஃபோர்க்கும் எவ்வளவு பெரிய டிஸ்க் வரைக்கும் அனுமதிக்குதுன்னு முன்கூட்டியே பாத்துக்கங்க. டிஸ்க் மேல ரெசின் பேட் மட்டும்னு பொறிச்சிருந்தா அந்த டிஸ்க்கைக் கழட்டி வெச்சிருங்க, நமக்கு நீள இறக்கத்துக்கு மெட்டல் பேட் வேணும், அந்த மெது டிஸ்க் மெட்டல் பேடுக்கு சீக்கிரம் தேஞ்சுரும். லீவரை அரை நிமிஷம் இறுக்கிப் பிடிச்சு வெச்சுப் பாருங்க, மெல்ல மெல்ல ஹேண்டில்பார் பக்கம் போனா உள்ள காத்தோ கசிவோ இருக்கு. ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம்ல பெரும்பாலானதுக்கு டாட் ஃப்ளூயிட், மாத்தி ஊத்தினா ரப்பர் சீல் எல்லாம் ஊறி வீணாப் போகும், பழைய ஓனர் என்ன ஊத்தினார்னு கேட்டு வெச்சுக்கங்க.

ஃப்ரேம் அலுமினியமா கார்பனான்னு எல்லாரும் சண்டை போடறாங்க, பழைய பைக்ல நான் அலுமினியம் பக்கம். கார்பன் பலம் கம்மிங்கறதுக்காக சொல்லல, நல்ல கார்பன் ஃப்ரேம் நம்மளையும் தாங்கும். ஆனா எங்கயோ கல்லுல அடி வாங்கி உள்ள அடுக்கு பிரிஞ்சிருந்தா வெளிய ஒரு சின்ன பெயின்ட் கீறல் மட்டும்தான் தெரியும், அலுமினியத்துல அடி வாங்கினா நசுங்கல் தெரியும், விரிசல் விட்டா கோடு தெரியும். நாணயத்தால தட்டிக்கிட்டே போய் சத்தம் மாறுதான்னு கேக்கறது கார்பனுக்கு ஓரளவு உதவும், அதையே முழுசா நம்பிட முடியாது. எந்த ஃப்ரேமா இருந்தாலும் நல்லா துடைச்சுட்டு பாக்கணும், சேறு படிஞ்ச பைக்கை வாங்கவே வாங்காதீங்க. டௌன் டியூபும் ஹெட் டியூபும் சேர்ற வெல்டிங்குக்கு அடிப்பக்கம், மெயின் பிவட்டை (பின் பகுதி ஃப்ரேம்ல அசையற மூட்டு) சுத்தி, செயின்ஸ்டே (பின் சக்கரத்துக்குப் போற கீழ் குழாய்) ரெண்டும் சேர்ற பாலம், ராக்கர் லிங்க், அப்புறம் சீட் டியூப் மேல் வாய், இந்த அஞ்சு இடத்துலயும் நிதானமா விரலால தடவிப் பாருங்க. சீட் டியூப் வாய்ல விரிசல் வர்றது கனமான ஆளுங்க பைக்ல அதிகம், சீட் போஸ்ட்டை ரொம்ப மேல தூக்கி வெச்சு ஓட்டியிருப்பாங்க, போஸ்ட் எவ்வளவு ஆழம் உள்ள இருக்குன்னு கழட்டிப் பாக்கச் சொல்லுங்க.

பிவட் பேரிங்குக்கு: சீட்டைப் பிடிச்சு பைக்கை மெதுவா தூக்குங்க, பின் சக்கரம் தரையை விட்டு எழும்பறதுக்கு முன்னாடி டக்குனு ஒரு சின்ன ஆட்டம் கைக்குத் தெரிஞ்சா ஷாக் புஷ் தேஞ்சிருக்கு, அது மலிவு, பயப்பட வேணாம். பின் சக்கரத்தைப் பக்கவாட்டுல ஆட்டும்போது லிங்க்ல ஆட்டம் தெரிஞ்சா பேரிங் செட் மாத்தணும். முடிஞ்சா ஷாக்கோட ஒரு போல்ட்டைக் கழட்டி பின் முக்கோணத்தை கையால மேல கீழ அசைச்சுப் பாருங்க, வெண்ணெய் மாதிரி போகணும், கரகரன்னு இருந்தா பேரிங்குக்குள்ள துரு.

வெயிட் லிமிட் பத்தி ஒரு விஷயம். சில கம்பெனி ஓட்டறவர் வெயிட்டை மட்டும் சொல்லும், சிலது பைக், சாமான், ஆள் எல்லாம் சேத்து சொல்லும். ட்ரெக் மவுண்டன் பைக்குக்கு பொதுவா 136 கிலோன்னு போடறாங்க, அது எல்லாம் சேத்து. 115 கிலோ ஆளும் 15 கிலோ பைக்கும் சேந்தாலே 130, மிச்சம் 6 கிலோதான் ஹெல்மெட்டுக்கும் தண்ணிக்கும் டூல்ஸுக்கும். வீலுக்கும், டிராப்பர் போஸ்ட்டுக்கும் (ஓட்டும்போதே லீவரால ஏத்தி இறக்கற சீட் போஸ்ட்), கார்பன் ஹேண்டில்பாருக்கும் தனித்தனி லிமிட் இருக்கலாம், இருக்கறதுலயே சின்ன நம்பர் எதுவோ அதுதான் உங்க லிமிட். அதே மாதிரி ஃப்ரேம்ல ஏஎஸ்டிஎம் 3, 4ன்னு (பைக்கை எந்த மாதிரி ஓட்டலாம்னு சொல்ற தர வகை) ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, 3ன்னா 61 செமீ வரைக்கும் குதிக்கறதுக்கு, 4ன்னா 122 செமீ வரைக்கும். குதிக்கற பழக்கமே இல்லன்னாலும் நம்ம வெயிட்டுக்கு 4ஐ எடுங்க, குழாய் எல்லாம் அந்த அளவுக்கு கனமா போட்டிருப்பாங்க. 100, 120 மிமீ ரேஸ் டைப் பைக்கை இதனாலதான் நான் யாருக்கும் சிபாரிசு பண்றதில்ல.

சீட் டியூப் ஆங்கிளும் நம்ம உடம்பும் சம்பந்தப்பட்டது. ஏத்தத்துல பாரம் எல்லாம் பின்னாடி போகும், ஷாக் இன்னும் அமுங்கும், சீட் இன்னும் பின்னாடி சாயும், முன் சக்கரம் லேசாகி நேரா போகாம அலையும். பேப்பர்ல 73 டிகிரின்னு இருக்கற பைக் நம்ம உக்காந்தா அதை விட படுத்துரும். 76, 77 டிகிரி உள்ள பைக்கா எடுத்தா ஏத்தம் எவ்வளவு சுலபமாகுதுன்னு நீங்களே பாப்பீங்க, இந்த ஆங்கிள் எல்லாம் சமீப வருஷ மாடல்லதான் சகஜமாச்சு, அதனால ரெண்டு பைக்ல எதுன்னு குழப்பம் வந்தா பார்ட்ஸ் கொஞ்சம் சுமாரா இருந்தாலும் புது ஜியாமெட்ரி உள்ளதை எடுங்க. முன் பல்லு 28 இல்ல 30, பின்னாடி 50, 51 பல்லு வரைக்கும் உள்ள கேசட், இதுல கூச்சப்பட ஒன்னும் இல்ல. டிராப்பர் போஸ்ட்ல முழுசா ஏத்தி வெச்சு உக்காந்து பாருங்க, மெத்துன்னு கொஞ்சம் அமுங்கினா உள்ள எண்ணெயும் காத்தும் கலந்திருக்கு, ஹைட்ராலிக் டைப்ல இது வரும், கேபிள் டைப்ல நிறைய போஸ்ட்டுக்கு உள்ள இருக்கற கார்ட்ரிட்ஜை மட்டும் மாத்தினா போதுங்கறதால எனக்கு அதுதான் பிடிக்கும்.

விக்கறவர்கிட்ட நான் தவறாம கேக்கற கேள்வி, உங்க வெயிட்டு எவ்வளவு, ஷாக்ல எத்தனை பிஎஸ்ஐ வெச்சிருக்கீங்க. கனமான ஆள் விக்கற பைக்னா எல்லாம் ஏற்கனவே மாத்தி ரெடியா இருக்குமேன்னு சிலர் அதைத் தேடிப் போவாங்க. நான் 65, 70 கிலோ ஆளோட பைக்கைத்தான் தேடுவேன். வீல், டயர், ப்ரேக் எப்படியும் மாத்தப் போறோம், மாத்த முடியாதது ஃப்ரேம் ஒன்னுதான், அது கம்மி பாரத்துல ஓடினதா இருக்கட்டும். ஃப்ரேம் நம்பரை வாங்கி திருட்டு பைக்கான்னு செக் பண்ணுங்க, பில் கேளுங்க, வாரண்டி பெரும்பாலும் மொத ஓனரோட முடிஞ்சுரும்கறதால அதை நம்பி விலை ஏத்திக் கொடுக்காதீங்க. பட்ஜெட்டை முழுசா பைக்குலயே போட்டுடாம நாலுல ஒரு பங்கு தனியா எடுத்து வைங்க, ஷாக் சர்வீஸ், பின் வீல், டயர், டிஸ்க் இதுக்கெல்லாம் கண்டிப்பா தேவைப்படும்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் ஹேண்டில்பார் பழைய கார்பனா இருந்தா அதை மாத்திட்டு புது அலுமினிய பார் போடுங்க, அது எத்தனை தடவை விழுந்து எழுந்ததுன்னு யாருக்கும் தெரியாது. லிங்க் போல்ட் எல்லாத்தையும் டார்க் ரெஞ்ச் வெச்சு ஃப்ரேம்ல எழுதியிருக்கற அளவுக்கு இறுக்குங்க. புது வீல் போட்டிருந்தா மொத ரெண்டு மூனு ரைடுல ஸ்போக் எல்லாம் உக்காந்து கொஞ்சம் தளரும், நம்ம வெயிட்டுல இது சீக்கிரமே நடக்கும், ஒரு ஸ்போக் தளர்ந்தா பக்கத்துல இருக்கறது எல்லாம் அதோட பாரத்தையும் சுமக்க ஆரம்பிச்சு ஒன்னொன்னா உடையும், அதனால அந்த ரெண்டு மூனு ரைடு முடிஞ்சதும் வீலைக் கடைக்காரர்கிட்ட கொடுத்து உங்க வெயிட்டைச் சொல்லி டென்ஷன் ஏத்தி கோட்டம் எடுத்துட்டு வந்துருங்க, நீள இறக்கத்துக்கு அப்புறமா போலாம்.